நர்சம்மா பதில்கள்

கேள்வி: ரெண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்துவிட்டோம். எனக்கு ரத்தசோகை இருப்பதால், தானே ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்கிறார் வீட்டுக்காரர். அவர் தென்னை ஏறுபவர். 'அப்புறம் மரமேறத் தெம்பிருக்காது' என்று மாமியார் தடுக்கிறார். உண்மையா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை அம்மணி. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண் ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதற்கு இந்தக் குழாய் தேவையே இல்லை. தெம்பு, மீசை, தாம்பத்தியம் எதுவும் குறையாது. நவீன வாசக்டமியில் (ஆண் கருத்தடை ஆபரேஷனில்) தையல்கூடக் கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியே அரைமணிக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு வாரமாவது மரமேறக் கூடாது. டாக்டர் சரி என்ற பிறகே ஏறட்டும்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆபரேஷன் ஆன அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. 3 மாதம் ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாக வேண்டும். இது தெரியாமல் மனைவி மேல் சந்தேகப்பட்ட புண்ணியவான்களும் உண்டு! பின்னால் மனம் மாறினால் குழாயைச் சேர்ப்பது நிச்சயமில்லை, அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: உங்கள் கேரளத்திலேயே, 1971-ல் எர்ணாகுளம் முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் இதைச் செய்துகொண்டார்கள். (காசும் சாமானும் கொடுத்துக் கூப்பிட்டார்கள் என்பது தனிக்கதை.)

நீங்கள் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.