டிரிடியம் வாட்ச் நைட் விஷனில் பளிச்சென்று தெரிவது பற்றி

இரவில் விலங்குகளைக் கவனிக்கப் போகும்போது உங்கள் டிரிடியம் வாட்ச் (கதிரியக்க வாயு அடைத்த குட்டிக் குழாய்கள் தானாக ஒளிரும் வகை) நண்பரின் நைட் விஷன் கருவியில் பளிச்சென்று தெரிகிறது, ஸ்மார்ட்வாட்சுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு மாறாதீர்கள்.

அந்தக் கருவி கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் பல்லாயிரம் மடங்கு பெருக்குகிறது. அதனால் நம் கண்ணுக்கு மங்கலாக இருக்கும் டிரிடியம் குழாய் அதில் சின்ன விளக்கு மாதிரி எரியும், அரை ஆயுள், அதாவது டிரிடியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டு என்பதால் விடியும்வரை குறையவும் செய்யாது. வெளிச்சத்தை வாங்கிவைத்து இருட்டில் ஒளிரும் சூப்பர்-லுமினோவா பூச்சு அப்படியில்லை, வெளிச்சம் காட்டாமல் வைத்திருந்தால் சில மணி நேரத்தில் நன்றாக மங்கும், ஆனாலும் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஸ்மார்ட்வாட்சில் திரையை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பின்பக்கம் இதயத்துடிப்பு பார்க்கும் எல்இடிகளை மறந்துவிடுகிறார்கள்! பெரும்பாலும் பச்சை, சிலவற்றில் அகச்சிவப்பும் உண்டு, இந்த அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்கு நன்றாகவே தெரியும். பட்டை தளர்வாக இருந்தால் ஓரத்தில் கசியும். கட்டியே ஆகவேண்டும் என்றால் அந்த சென்சாரையும் அணைத்துவிடுங்கள்.

என் தேர்வு சாதாரண எல்சிடி டிஜிட்டல் வாட்ச்தான், பின்னொளி பொத்தானை அழுத்தாதவரை அதிலிருந்து ஒளியே வராது. இருப்பதையே வைத்துக்கொள்வதென்றால் முகப்பை மூடும் மடிப்பு வைத்த துணிப்பட்டை வாங்குங்கள். நண்பர் அகச்சிவப்பு டார்ச் அடித்தால் கண்ணாடி பிரதிபலிக்குமே, அதையும் அது மறைக்கும். அப்புறம், வெப்பக் கேமராவில் இந்தப் பிரச்சினை கிடையாது, அது வெப்பத்தைத்தான் பார்க்கும், டயலின் ஒளிர்வைப் பார்ப்பதே இல்லை.