மஞ்சள் காமாலையில சுகர் இறங்கினா கணையம் சரியாயிடுச்சா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 61 வயசு, பத்து வருஷமா சுகருக்கு கிளிமிபிரைட் போடுறார். போன வாரம் மஞ்சள் காமாலை வந்து சாப்பாடே இறங்கல. எப்பவும் 180ல நிக்கிற சுகர் ரெண்டு நாளா காலைல 62, 58ன்னு காட்டுது. கல்லீரல் கெட்டதால கணையம் அதிகமா இன்சுலின் சுரக்குதா? சொந்தக்காரங்க சுகரே போயிடுச்சுன்னு சந்தோஷப்படுறாங்க.
- வாசகி, கும்பகோணம்

பதில்: இது சந்தோஷப்படுற விஷயம் இல்லம்மா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

கணையத்துல சுரக்குற இன்சுலின் நேரா உடம்பு முழுக்க போறதில்ல, போர்ட்டல் ரத்தக்குழாய் வழியா முதல்ல கல்லீரலுக்குத்தான் போகும், அங்கயே கிட்டத்தட்ட பாதி அழிஞ்சிடும். கல்லீரல் செல்லுங்க திடீர்னு செத்துப்போனா அந்த வேலை நடக்காது, அதனால கணையம் பழைய அளவே சுரந்தாகூட ரத்தத்துல இன்சுலின் தேங்கி நிக்கும். சில பேருக்கு கணையமும் கூடுதலா சுரக்குறதுண்டு. ரெண்டுல எதுன்னு பிரிச்சுப் பாக்க சி-பெப்டைடுன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது இன்சுலினோட சரிசமமா கணையத்துல இருந்து வரும் ஆனா கல்லீரல் அத பெருசா தொடாது, கிட்னிதான் வெளியேத்தும், அதனால கணையம் எவ்வளவு சுரக்குதுன்னு அத வச்சு கணிக்கலாம்.

இதவிட முக்கியமானது, ராத்திரி நாம சாப்பிடாம தூங்குறப்ப உடம்புக்கு சுகர் குடுக்குறதே கல்லீரல்தான். அதுகிட்ட சுமார் 100 கிராம் சேமிப்பு இருக்கும், தீர்ந்தா புதுசா தயாரிக்கும். அப்பாவுக்கு இப்ப அந்த ரெண்டுமே ஆட்டங்கண்டிருக்கலாம், அதான் காலைல இவ்வளவு கம்மி. போதாக்குறைக்கு கிளிமிபிரைட் கல்லீரல்லதான் உடையணும், உடையலன்னா உடம்புலயே தங்கி இன்னும் சுகர இறக்கும். சுகர் இப்படி இறங்கியிருக்குறப்ப அடுத்த மாத்திரைய குடுக்காதீங்க, போற இடத்துல டாக்டர் கிட்ட மறக்காம சொல்லுங்க.

நைட் டியூட்டில ஒரு பெரியவர கொண்டுவந்தாங்க, சட்டையெல்லாம் வேர்வை, காமாலை அசதின்னு நினைச்சு சாயங்காலத்துல இருந்து தூங்க விட்டிருக்காங்க. விரல்ல குத்திப் பாத்தா 34. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், நரம்புல ஏத்தின கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்து மகள பேர் சொல்லிக் கூப்பிட்டார், அந்தப் பொண்ணு அழுதது இன்னும் என் கண்ணுலயே இருக்கு. கல்லீரல் செயலிழந்து மூளை கலங்குனாலும் இதே மாதிரிதான் மயக்கமா இருக்கும், பாத்து கண்டுபிடிக்க முடியாது, அதனால மயக்கமா தெரிஞ்சா குளுக்கோமீட்டர எடுங்க.

போறதுக்கு முன்னாடி கை நடுங்குனா, வேர்த்தா, நல்லா நினைவு இருந்தா மட்டும் மூணு நாலு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடுங்க. தூக்கக் கலக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும், உடனே 108க்கு போன் பண்ணுங்க. கீழாநெல்லி குடுத்துப் பாத்துட்டு போலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. அங்க ரத்தம் உறையுற ஐஎன்ஆர் டெஸ்ட் எடுப்பாங்க, சுகர திரும்பத் திரும்ப பாப்பாங்க. கல்லீரல் தேறினதும் சுகர் மறுபடி 180க்கு ஏறலாம், அப்ப பழைய சீட்டப் பாத்து நீங்களா மாத்திரைய ஆரம்பிச்சிடாதீங்க, கேட்டுட்டு ஆரம்பிங்க.