எல்லா கேஸ் ஷீட்டிலும் மூச்சு 20: செவிலியர் கேள்வி-பதில்

சென்னையிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஸ்டாஃப் நர்ஸ்களும் மாணவிகளும் எழுதிய கடிதங்களில் சில இங்கே. பல கடிதங்களில் ஒரே கவலைதான்: கை நிறைய வேலை இருக்கும்போது யோசிப்பது எப்போது, எப்படி?

“விமர்சன சிந்தனை” பற்றிப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிவிடுகிறேன். வார்டு போஸ்டிங்கில் 40 பேருக்கு வைட்டல்ஸ் (பல்ஸ், பிரஷர், மூச்சு, காய்ச்சல் போன்ற அடிப்படை அளவுகள்) எடுத்து முடிப்பதற்குள் ஷிஃப்டே முடிந்துவிடுகிறது. இதில் எங்கே சிந்திப்பது?
– பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு மாணவி, தாம்பரம்

அந்த வைட்டல்ஸில்தான். ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து, மூச்சு எழுதும் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். 20, 20, 18, 20, 20. நிமோனியாவில் படுத்திருப்பவருக்கும் 20, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. பல்ஸுக்கும் பிரஷருக்கும் சாச்சுரேஷனுக்கும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) மெஷின் இருக்கிறது. மூச்சை ஒரு ஆள் நின்று எண்ண வேண்டும். அதனால் அது எண்ணப்படாமலே எழுதப்படுகிறது. ஆனால் ஒருவர் உடம்பு மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். கிருமி ரத்தத்தில் பரவினாலும், ரத்தத்தில் அமிலம் கூடினாலும், நுரையீரலில் நீர் கோத்தாலும் உடம்பு முதலில் வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அப்படி ஈடுகட்டும் வரை சாச்சுரேஷன் 96, 97 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் ஏமாற்றும்.

எண்ணுவதற்கு 60 விநாடி முழுதாக வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே கணக்கில் நாலு தவறுகிறது. 18 என்பது 22 ஆகிவிடும். போர்வையை விலக்குங்கள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை வயிற்றின்மேல் வையுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் பெண்மணி. காய்ச்சல் 100 டிகிரி, பல்ஸ் 104, பிரஷர் 108/70, ஆக்சிஜன் இல்லாமலே சாச்சுரேஷன் 95, நினைவு தெளிவு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-ல் வெளியிட்ட, எண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று காட்டும் ‘நியூஸ் 2’ மதிப்பெண் முறைப்படி பல்ஸுக்கு 1, பிரஷருக்கு 1, சாச்சுரேஷனுக்கு 1. இந்த அளவு காய்ச்சலுக்கு மதிப்பெண் இல்லை. மூச்சு 20 என்று எழுதினால் மொத்தம் 3. உண்மையில் எண்ணி 24 வந்தால் அதற்கு 2 சேர்ந்து மொத்தம் 5. ஐந்து வந்தால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். எண்ணாத ஒரு நிமிடத்தில் அந்த அம்மா ‘நன்றாக இருக்கிறார்’ பட்டியலுக்குப் போய்விடுகிறார்.

இனி ஒவ்வொரு எண்ணை எழுதும்போதும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த எண் எதிரே இருக்கும் ஆளோடு ஒத்துப்போகிறதா? காலையில் இருந்ததிலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது? அதே பெண்மணி பிரஷருக்கு மெட்டோப்ரொலால் (பல்ஸையும் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவராக இருந்தால், உள்ளே ரத்தம் கசிந்தாலும் பல்ஸ் 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம். மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் ‘பல்ஸ் நார்மல்’ என்று சொல்ல முடியாது.

ஐப்பசி மழை தொடங்கினாலே எங்கள் நர்சிங் ஹோமில் டெங்கு கேஸ்கள்தான். காய்ச்சல் விட்டதும் வீட்டார் “சரியாப் போச்சு, அனுப்பிடுங்க” என்கிறார்கள். பிளேட்லெட் எண்ணிக்கையைத் தவிர நான் எதைப் பார்க்க வேண்டும்?
– ஸ்டாஃப் நர்ஸ், வடபழனி

காய்ச்சல் விட்ட நேரம்தான் கண் கொட்டாமல் பார்க்க வேண்டிய நேரம். பொதுவாக 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும். எனவே கேஸ் ஷீட்டில் ‘காய்ச்சலின் எத்தனையாவது நாள்’ என்று எழுதுங்கள். அட்மிஷன் ஆன நாளிலிருந்து எண்ணினால் கணக்கு பிசகும்.

பிளேட்லெட்டைப் பற்றி வீட்டார் எல்லோரும் கேட்பார்கள். பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். ஆனால் டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். கசிவைக் காட்டுவது ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம். நீர் வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி இது ஏறும். 36-ல் இருந்தவருக்கு 43-ஐத் தாண்டினால் 20 சதவீதம் ஏறிவிட்டது என்று பொருள். பிளேட்லெட் இறங்க இறங்க ஹெமடோக்ரிட் ஏறினால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும்.

பிரஷரில் மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. காலை 120/80, மதியம் 110/86, மாலை 106/88 என்று வைத்துக்கொள்ளுங்கள். 106 என்பது யாரையும் பயமுறுத்தாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பாருங்கள்: 40, பிறகு 24, பிறகு 18. இடைவெளி 20-க்கு வந்தாலே அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத ஆபத்தான நிலை. இடைவெளி குறுகும்போது ஆட்டோமேட்டிக் மெஷின் தடுமாறும். கையால் பம்ப் செய்து ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறதா? விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கருத்த தோலில் நகத்தடியில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் வேறு விரல்.

சிறுநீரை ‘போனார்’ என்று எழுதாமல் அளந்து எழுதுங்கள். 60 கிலோ எடைக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி, அதாவது 4 மணி நேரத்தில் 120 மில்லி. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், காரணமில்லாத எரிச்சல் அல்லது சோர்வு இவற்றில் எது வந்தாலும் டிஸ்சார்ஜ் பேச்சு இல்லை. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், தசையில் ஊசி வேண்டாம். காய்ச்சல் இறங்கும்போது பல்ஸும் இறங்க வேண்டும். காய்ச்சல் இறங்கிப் பல்ஸ் ஏறினால் அது நல்ல சேதி அல்ல என்று வீட்டாரிடமும் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

ராத்திரி டூட்டி டாக்டருக்கு போன் செய்தால் “இதுக்குப் போயா எழுப்பினீங்க” என்கிறார். கூப்பிடவே தயக்கமாக இருக்கிறது.
– இரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ், பெரம்பூர்

தயக்கம் புரிகிறது. ஆனால் “பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்காங்க டாக்டர்” என்று சொன்னால், தூக்கத்தில் இருக்கும் யாருக்கும் அவசரம் புரியாது. நிலை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் கோரிக்கை என்ற வரிசையில் சொல்லுங்கள். எஸ்.பி.ஏ.ஆர். என்று பாடத்தில் படித்தது இதுதான். போன் எடுப்பதற்கு முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வைட்டல்ஸை நீங்களே இன்னொரு முறை எடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன பித்தப்பை ஆபரேஷன் அம்மாவுக்கு இப்படி: “டாக்டர், மூணாவது மாடி பெண்கள் வார்டு, 14-ம் பெட். மூச்சு 24, காலையில 16 இருந்தது. பல்ஸ் 104, பிரஷர் 108/70, காய்ச்சல் 100, ஸ்கோர் அஞ்சு. பித்தப்பை ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள். மதியத்திலிருந்து வயித்து வலி கூடிட்டே வருது, வயிறு இறுக்கமா இருக்கு. உள்ளே கசிவோ இன்ஃபெக்‌ஷனோ இருக்குமோன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். அதுவரைக்கும் வாய்வழியா எதுவும் கொடுக்காம வைக்கட்டுமா?” முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகாது.

“உள்ளே கசிவோ” என்று சொல்லத்தான் பலருக்கு வாய் வராது. நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை என்பார்கள். நீங்கள் நோயை அறிவிக்கவில்லை, சந்தேகத்தைச் சொல்கிறீர்கள். அது உங்கள் வேலை.

“பான்டாப் (அசிடிட்டி மருந்து) போட்டுப் பாருங்க” என்று போனை வைத்துவிடப் பார்த்தால் இதைக் கேளுங்கள்: “எந்த நம்பர் வந்தா திரும்பக் கூப்பிடணும் டாக்டர்?” பதிலையும் நேரத்தையும் எழுதுங்கள். போனில் சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் நைட் சூப்பர்வைசரையும் சீனியர் டாக்டரையும் கூப்பிடலாம். அது புகார் சொல்வது ஆகாது.

வீட்டில் வைத்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இன்சுலின் அளவு மாறவே இல்லை, ஆனால் சுகர் ஒருநாள் 300, ஒருநாள் 60. என்ன தவறு நடக்கிறது?
– ஹோம் நர்ஸ், வியாசர்பாடி

முதலில் சிரிஞ்சையும் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் இரண்டு செறிவு விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40-க்கான சிரிஞ்சில் சிவப்பு மூடி, 100-க்கானதில் ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மாற்றி, 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் போவது 4 யூனிட்தான்.

இதன் விளைவு சங்கிலியாக வரும். 4 யூனிட் போனதால் சுகர் ஏறும். டாக்டர் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் மருந்துக் கடையில் சரியான சிரிஞ்ச் கிடைக்கும். கூட்டிய அளவு முழுதாக உள்ளே போய், விடியற்காலையில் வேர்த்துக் கொட்டும். ஆகவே “சுகர் கட்டுப்படவில்லை” என்று டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் சிரிஞ்ச், குப்பி, ஊசி போடும் இடம், சாப்பாட்டு நேரம் நான்கையும் சரிபாருங்கள். வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி கட்டி தட்டியிருந்தால் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. விரலால் தடவினால் ரப்பர் மாதிரி தட்டுப்படும். அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

300 என்று காட்டும் எண்ணையும் உடனே நம்ப வேண்டாம். மாம்பழம் தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் எகிறும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, இன்னொரு விரலில் எடுங்கள்.

ஊசி போடுமுன் கேட்க வேண்டியது, “இன்னைக்கு சாப்பிடுவீங்களா பாட்டி?” ஏகாதசி, கிருத்திகை, நோன்பு என்று இருப்பார்கள், சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுக்கான ஊசி, சாப்பாடு இல்லாமல் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். சுகர் 70-க்குக் கீழே போய், நினைவோடு இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கிட்னி பழுதானவருக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். எனவே நேற்று ஒத்துக்கொண்ட அளவு இன்று அதிகமாகலாம்.

கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் டியூப்) போட்டவருக்கு 3 மணி நேரமாக யூரின் இல்லை. நேராக டாக்டரைக் கூப்பிடலாமா?
– ஜி.என்.எம். மாணவர், ஆவடி

ஒரு நிமிடம் டியூபைத் தடவிக்கொண்டே போங்கள். தொடைக்கடியில் மடங்கியிருக்கும், கட்டில் கம்பியில் மாட்டியிருக்கும், பையை வயிற்றுக்கு மேலே வைத்திருப்பார்கள். பிறகு அடிவயிற்றைத் தொடுங்கள். பந்துபோல் உப்பி, அழுத்தினால் வலித்தால் யூரின் உள்ளே தேங்கியிருக்கிறது, அடைப்பு. வயிறு மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் யூரின் உருவாகவே இல்லை. அப்போது பிரஷரும் பல்ஸும் எடுத்துக்கொண்டு உடனே கூப்பிடுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

அம்மாவுக்கு நெஞ்சு கரிக்கிறது என்றதும் “கேஸ் டிரபிள்தான்” என்று ஜெலுசில் கொடுத்தார்கள். கேள்வி கேட்டால் சிஸ்டர் கோபப்படுவாரோ என்று பயம்.
– நோயாளியின் மகள், ராயப்பேட்டை

கேளுங்கள். பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, மாரடைப்பு நெஞ்சு வலியாகவே வராமல், மேல்வயிற்று எரிச்சல், தாடை வலி, வேர்வை, மூச்சு வாங்குதல் என்று வரலாம். ஜெலுசில் குடித்து லேசாகக் குறைந்தாலும் இதயக் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. “சிஸ்டர், ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துடலாமா?” என்ற ஒரு வரி போதும். இப்படிப்பட்ட அறிகுறியை மருத்துவமனையில் சொன்னால் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதுதான் முறை. செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை: உடனிருக்கும் மகளுக்கு அம்மாவின் முகம் உங்களைவிட நன்றாகத் தெரியும். “எப்பவும் இப்படி இருக்க மாட்டாங்க” என்று அவர் சொல்வதையும் ஒரு வைட்டல் சைனாக எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்பு எலும்பு உடைந்த 78 வயதுப் பெரியவர். மதியம் வரை நன்றாகப் பேசினார். ராத்திரி வென்ஃப்ளானை (கையில் டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) பிடுங்குகிறார், கட்டிலில் இருந்து இறங்கப் பார்க்கிறார். மகன் “வயசாச்சு, அப்படித்தான்” என்கிறார். கையைக் கட்டுவதா, தூக்க ஊசி கேட்பதா?
– ஸ்டாஃப் நர்ஸ், அண்ணா நகர்

இரண்டும் இப்போது வேண்டாம். வயது ஒரே மதியத்தில் ஏறாது. திடீரென்று வந்த குழப்பத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். முதலில் சாச்சுரேஷன், பிறகு விரலில் குத்தி சுகர். இரண்டும் சரியென்றால் அடிவயிற்றைத் தொடுங்கள். யூரின் அடைத்திருந்தால் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் எழுந்து ஓடத்தான் பார்ப்பார். மலம் கழித்து எத்தனை நாள்? வலி மருந்து கடைசியாக எப்போது? இன்று புதிதாக என்ன சேர்த்தார்கள்? டிரமடால் என்ற வலி மருந்து, ஏவில் என்ற அலர்ஜி ஊசி இரண்டுமே முதியவர்களைக் குழப்பும். காய்ச்சல் இருக்கிறதா, கடைசி ரத்தப் பரிசோதனையில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து எல்லாவற்றையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் பைக்குள் கிடந்தால் எடுத்து மாட்டிவிடுங்கள். மகனைப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டினால் இன்னும் முரண்டு பிடிப்பார். உடைந்த இடுப்பில் இன்னொரு அடி விழும்.

பகலெல்லாம் தூங்கி, தட்டிக் கூப்பிட்டால் “ம்” என்று மட்டும் சொல்லும் பெரியவர் அடுத்த கட்டிலில் இருப்பார். டூட்டி மாறும்போது “தொந்தரவே இல்லை” என்று சொல்லி ஒப்படைப்பார்கள். இதே குழப்பம் சத்தமில்லாமல் வரும் வடிவம் அதுவாக இருக்கலாம். அவருக்கும் இன்றே சாச்சுரேஷன், சுகர், அடிவயிறு பாருங்கள். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்.