அந்த ‘டி’ யார்?

அன்புள்ள ஐயா,

சி++ மொழியில் நிரல் எழுதிப் பழகியவன், இப்போது ரஸ்ட் மொழி படிக்கிறேன். வரிசையில் உள்ள பெரிய எண்ணைத் தேடும் ஃபங்ஷன் ஒன்று எழுதினேன், ஓடியது. ‘ஐ32’ (முழு எண் டைப்) என்றிருந்த இடத்திலெல்லாம் ‘டி’ போட்டு ஜெனரிக் ஆக்கினேன், அதாவது எந்த டைப்புக்கும் பொதுவாக்கினேன். ஒப்பிட முடியாது என்று கம்பைலர் மறுத்தது. ‘டி’யை ஒப்பிட முடியும் என்று சொல்லும் பார்ஷியல்ஆர்ட் என்ற டிரெய்ட்டைச் (டைப்பின் திறனைச் சொல்லும் நிபந்தனை) சேர்த்தேன், வேறு பிழை. நகலெடுக்க முடியும் என்று சொல்லும் காப்பியும் சேர்த்தேன். இப்போது எண்களுக்கு ஓடுகிறது, ஸ்ட்ரிங்குக்கு ஓடவில்லை. சி++ டெம்ப்ளேட்டில் (அங்கே ஜெனரிக் எழுதும் வழி) இந்தத் தொல்லையே இல்லை. இங்கே ஏன் இத்தனை அடம்?

ம.

அன்புள்ள ம.,

சி++ கேட்காமல் விடுவதில்லை, பிறகு கேட்கிறது. டெம்ப்ளேட்டை ஒரு டைப்போடு அழைக்கும்போதுதான் அந்த டைப்பை ஒப்பிட முடியுமா என்று பார்க்கும். முடியாவிட்டால் நீங்கள் எழுதாத ஏதோ ஹெட்டரின் வயிற்றிலிருந்து பிழை கிளம்பும். (டைப்புக்கு முன்கூட்டியே நிபந்தனை போடும் கான்செப்ட் சி++20-இல் வந்தபின் கொஞ்சம் பரவாயில்லை.) ரஸ்ட் வாசலிலேயே கேட்கிறது: இந்த ‘டி’ யார், என்ன தெரியும்? நீங்கள் சொல்லாதவரை அதற்கு ஒப்பிடவும் தெரியாது, நகலெடுக்கவும் தெரியாது, அச்சிடக்கூடத் தெரியாது.

காப்பியைச் சேர்த்த இடத்தில்தான் வழி தவறினீர்கள். இரவல் வாங்கிய வரிசையிலிருந்து மதிப்பையே எடுத்துக்கொடுக்கப் பார்க்கிறீர்கள். எது பெரியது என்று சுட்டினால் போதாதா? ‘டி’க்குப் பதில் ‘&டி’ (மதிப்பைச் சுட்டும் ரெஃபரன்ஸ்) திருப்புங்கள். காப்பி தேவைப்படாது, ஸ்ட்ரிங்கும் ஓடும். பிழைச் செய்தி கேட்கும் டிரெய்ட்டையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்த நிபந்தனைகளைச் சுமப்பது ஃபங்ஷனை அழைப்பவர்.

பார்ஷியல்ஆர்ட் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. தசம எண்களுக்கான எஃப்64 டைப்பில் ‘நான்’ (NaN) என்றொரு மதிப்பு இருக்கிறது, எண் அல்லாத எண். அதை எதோடு ஒப்பிட்டுப் பெரிதா என்று கேட்டாலும் இல்லை என்றே பதில் வரும். வரிசையில் அது முதலில் நின்றால் எதுவும் அதை முந்தாது, அதுவே பெரியது என்று உங்கள் ஃபங்ஷன் சொல்லிவிடும். நடுவில் நின்றால் சத்தமின்றித் தாண்டிப் போகும். அதே எண்கள், வரிசை மாறினால் வேறு விடை! உங்கள் இடத்தில் இருந்தால், எந்த இரு மதிப்பையும் ஒப்பிட முடிய வேண்டும் என்னும் ஆர்ட் டிரெய்ட்டைக் கேட்பேன். அப்போது எஃப்64-ஐக் கம்பைலர் ஏற்காது. ஏற்காமல் இருப்பதே நல்லது.

மெத்தட் எழுதும்போது நிபந்தனையை ஸ்ட்ரக்டில் வைக்காதீர்கள், மெத்தட்களை எழுதும் இம்ப்ல் பகுதிகளில் தேவைப்படுவதில் மட்டும் வையுங்கள். சாவி கொடுத்து மதிப்பைத் தேடும் ஹாஷ்மேப்பைப் பாருங்கள்: சாவி ஹாஷ் ஆக வேண்டும் (தேடுவதற்கான எண்ணாக மாற வேண்டும்) என்ற நிபந்தனை இன்சர்ட், கெட் போன்றவற்றுக்குத்தான். நியூவுக்கும் லென்னுக்கும் அது கிடையாது, எண்ணிச் சொல்ல ஹாஷ் எதற்கு?

வேகம் குறையுமோ என்று கவலை வேண்டாம். பயன்படுத்தும் ஒவ்வொரு டைப்புக்கும் கம்பைலர் தனிப் பிரதி எழுதிக்கொள்கிறது. கம்பைல் நேரமும் கோப்பின் அளவும்தான் கூடும்.

இன்னொன்று. முதல் உறுப்பைப் பெரியது என்று வைத்துத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெற்று வரிசையைக் கொடுத்துப் பாருங்கள்.