பிவிடிசி பூச்சில் விரிசலா? முதலில் டிரம்மைப் பாருங்கள்

அம்பத்தூர் யூனிட்டில் பேப்பர்மேல் பிவிடிசி லேடெக்ஸ் (ஈரத்தைத் தடுக்கும் பாலிவினைலிடீன் குளோரைடு என்ற பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் தண்ணீரில் கலந்த பால் போன்ற திரவம்) பூசினால் நுண்ணிய விரிசல் விழுகிறது, மறுநாள் சோதித்தால் ஈரம் அதிகமாகக் கடக்கிறது, ஓவன் சூட்டைக் கூட்டியும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

சார், ஓவனை விடுங்கள், எனக்குச் சந்தேகம் லேடெக்ஸ் இருக்கும் டிரம்மின் மேல்தான். துகள்கள் படிகமாகாமல் மென்மையாக இருக்கும்வரைதான் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். டிரம்முக்குள்ளேயே படிகமாகிவிட்டால் பூசிக் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும், அதுவும் தகர ஷெட்டில் நம்மூர் மே மாத வெயிலில் கிடந்த சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்துக் காயவிடுங்கள். தெளிவான படலம் வந்தால் சரக்கு நல்லது. வெள்ளை பூத்து உதிர்ந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

சரக்கு நன்றாக இருந்தும் ஈரம் கடந்தால் அது வேறு கதை. பூசிய பிறகு நடக்கும் படிகமாதல்தான் தடுப்பைத் தருகிறது, அதற்கு நாள் பிடிக்கும், மறுநாளே அளப்பது அவசரம். ரோலை 40 டிகிரியில் ஓரிரு நாள் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். அப்புறம், ஒரே தடிமனான கோட்டுக்குப் பதில் இரண்டு மெல்லிய கோட்டு போடுங்கள், முதல் கோட்டின் ஊசித்துளைகளை இரண்டாவது மூடிவிடும்.

இன்னொன்று, இது அமிலத்தன்மை உள்ள லேடெக்ஸ். இரும்பு வாளி, இரும்பு பம்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்; இரும்பு கலந்தால் பாலிமர் சிதைந்து மஞ்சளாகும், ஹைட்ரஜன் குளோரைடும் வெளிவரும். பிளாஸ்டிக் வாளி போதும்.

டிரம்மில் தயாரிப்புத் தேதி என்ன போட்டிருக்கிறது?