ஆராதனையில் ஜாஸ் வாசிக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

சபையில் பல வருடங்களாக பியானோ வாசிக்கிறேன். ஜாஸ் ஆராதனை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கி, பதிலோடு தருகிறேன். பெரும்பாலும் அமெரிக்க சபைகளைப் பற்றித்தான் பேச்சு, இந்த வழக்கம் வேர்விட்டது அங்கேதான்.

கேள்வி: அண்ணா, ஜாஸ் என்றாலே நைட் கிளப், மது, சிகரெட் புகை. அதை பலிபீடத்துக்கு முன்னால் வாசிப்பது தகுமா?

பதில்: ஜாஸ் கிளப்பில் வளர்ந்தது உண்மைதான். ஆனால் அங்கே வாசித்தவர்களில் பலர் கறுப்பின சபைகளில் பாடி வளர்ந்த பிள்ளைகள். போதகர் ஒரு வரி சொல்ல சபை உடனே பதில் குரல் கொடுப்பது, ஒரு சுரத்தை அழுகையைப் போல வளைத்து இழுப்பது எல்லாம் ஜெபக் கூட்டத்திலும் உண்டு, டிரம்பெட்டிலும் உண்டு.

தாமஸ் டார்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில், ஜாஸுக்கு உறவான ப்ளூஸ் இசை வாசித்தவர், பாடகி மா ரெய்னியின் பியானோக்காரர். 1932-இல் பிரசவத்தில் மனைவி இறந்தார், பிறந்த குழந்தையும் போய்விட்டது. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு இன்றும் அடக்க ஆராதனைகளில் பாடப்படுகிறது. கிளப்பில் வாசித்த அதே விரல்கள்தான். அவருடைய பாட்டுகளை ஆரம்பத்தில் ஏற்க மறுத்த சபைகளும் இருந்தன, காரணம் நீங்கள் சொன்னதேதான்.

கேள்வி: நியூயார்க்கில் ஞாயிறு மாலை ஜாஸ் ஆராதனை நடத்தும் லுத்தரன் சபை ஒன்று உண்டாமே. யார் ஆரம்பித்தது? ஏன் மாலையில்?

பதில்: செயின்ட் பீட்டர்ஸ் சபை, மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவில் இருக்கிறது. ஆரம்பித்தவர் ஜான் கார்சியா ஜென்சல், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த லுத்தரன் போதகர். ஜாஸ் பிடித்துப்போய் கிளப்களுக்குப் போக ஆரம்பித்தவர், அங்கே வாசிக்கிறவர்களோடு பழகினார். அவர்களுக்குக் கல்யாணம் நடத்த, ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க, அடக்கம் செய்ய ஒரு போதகர் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. 1965-இல் ஜாஸ் கலைஞர்களுக்கென்றே ஊழியம் செய்ய அவர் நியமிக்கப்பட்டார். ஜாஸ் மாலை ஆராதனையும் அதே வருடம் தொடங்கியது.

மாலை நேரத்துக்குக் காரணம் எளிமையானது. சனி இரவு விடியும்வரை வாசித்துவிட்டு வருகிறவன் ஞாயிறு காலை பத்து மணிக்கு எழுந்து கோயிலுக்கு வர முடியாது. அவன் எழுந்திருக்கும் நேரத்துக்கு ஆராதனையை நகர்த்தினார் ஜென்சல். எனக்கு இந்த மனிதர்மேல் இருக்கும் மரியாதை அவருடைய இசை ரசனைக்காக இல்லை, இந்த ஒரு முடிவுக்காக.

1967-இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் அடக்க ஆராதனை செயின்ட் பீட்டர்ஸில்தான் நடந்தது, ஜாஸ் கலைஞர்கள் ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் வாசித்தார்கள். ஜாஸ் இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னுக்கும் அதே வருடம் அங்கேதான். ஜாஸ் குழுத் தலைவரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டன், இரவு மந்தையைக் காக்கும் மேய்ப்பன் என்ற பொருளில் ஜென்சலுக்காகவே ஒரு படைப்பு எழுதினார். பிறகு பழைய கோயில் இருந்த இடத்தில் சிட்டிகார்ப் கோபுரம் எழுந்தபோது, அதன் ஒரு மூலைக்குக் கீழே புதிய கோயில் கட்டினார்கள், 1977-இல் பிரதிஷ்டை. கோயிலுக்கு இடம் விடவேண்டும் என்பதால் அந்தக் கோபுரத்தின் பெரிய தூண்கள் மூலைகளில் இல்லாமல் பக்கங்களின் நடுவில் நிற்கின்றன.

கேள்வி: கச்சேரிக்கும் ஆராதனைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் உட்கார்ந்து கேட்கத்தானே போகிறோம்?

பதில்: எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே கட்டடத்தில், ஒரே வருடத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை வைத்துச் சொல்கிறேன். இடம், சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் கதீட்ரல். ஆண்டு 1965.

செப்டம்பர் 16-ஆம் தேதி எலிங்டன் தன் முதல் புனித இசைக் கச்சேரியை அங்கே நடத்தினார். வேதாகமத்தின் முதல் வார்த்தைகளை ஆங்கிலத்தில் சொன்னால் வரும் ஆறு அசைகளுக்கு ஆறு சுரங்கள், அதை வைத்தே தொடங்கும் பெரிய படைப்பு. கூடவே டாப் நடனம், காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடுவது! தாவீது கர்த்தருக்கு முன்பாக ஆடினான் என்று நடனக் கலைஞர் பன்னி பிரிக்ஸ் அந்தக் கதீட்ரல் தரையில் ஆடினார். அருமையான காரியம், ஆனாலும் அது கச்சேரி. மக்கள் கேட்டார்கள், எலிங்டன் கொடுத்தார்.

அதே வருடம் மே 21-ஆம் தேதி, வின்ஸ் குவரால்டி தன் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூவர் குழுவோடு அங்கே ஒரு திருவிருந்து ஆராதனைக்கு வாசித்தார். பாடகர் குழு ஆராதனை முறையின் வார்த்தைகளைப் பாடியது, மூவரும் அதற்கு அடியில் வாசித்துக்கொண்டே போனார்கள். ஜனங்கள் எழுந்து பலிபீடத்தை நோக்கி நடந்தபோது ஒரு நீண்ட ப்ளூஸ்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். திருவிருந்து வரிசை எவ்வளவு நேரம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டி மெதுவாக நடப்பார், ஒருவர் மண்டியிட்டு எழுந்திருக்கவே மாட்டார். எழுதிவைத்த பாட்டு பாதியில் தீர்ந்துவிடும், அல்லது எல்லோரும் உட்கார்ந்த பிறகும் இரண்டு சரணம் மிச்சமிருக்கும். ஜாஸ் வாசிக்கிறவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பியானோக்காரர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். கடைசி ஆள் திரும்பும்போது பேஸ்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, பன்னிரண்டு அளவு கொண்ட அந்தச் சுற்று முடியும் இடத்தில் மூவரும் ஒன்றாக முடிப்பார்கள். மனோதர்மம், அதாவது எழுதிவைக்காமல் அந்த நேரத்திலேயே கற்பனை செய்து வாசிப்பது, ஆராதனைக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. அது சபை நடக்கும் வேகத்தில் நடக்கிறது.

கேள்வி: கத்தோலிக்கத் திருப்பலியில் அனுமதி உண்டா? எங்கள் பங்கில் பியானோவுக்கே முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: முகம் சுளிப்பதற்கு வரலாறு இருக்கிறது. 1903-இல் போப் பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணையில் பியானோவும் டிரம்ஸும் சிம்பலும் கோயிலுக்குள் தடை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழாய் ஆர்கனுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு, தகுந்த மற்ற வாத்தியங்களுக்கும் அந்தந்தப் பகுதி அதிகாரிகளின் சம்மதத்தோடு வழி விட்டது. 1967-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் மறுபடி கொஞ்சம் இறுக்கியது. பொதுவான கருத்திலும் வழக்கத்திலும் உலகியல் இசைக்கு மட்டுமே உரிய வாத்தியங்கள் வேண்டாம் என்றது.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் மேரி லூ வில்லியம்ஸ் வருகிறார். பெரிய ஜாஸ் பியானோ கலைஞர். 1954-இல் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஜெபத்திலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் இறங்கினார், 1957-இல் கத்தோலிக்கரானார். குருக்களும் நண்பர்களும் சொல்லித்தான் மறுபடி வாசிக்க வந்தார். மூன்று திருப்பலி இசைகள் எழுதினார். மூன்றாவது, 1975 பிப்ரவரியில் நியூயார்க் செயின்ட் பேட்ரிக்ஸ் கதீட்ரலில் திருப்பலியாகவே நடந்தது. அந்தக் கதீட்ரலில் ஜாஸ் இசையோடு நடந்த முதல் திருப்பலி அது. நியூயார்க் உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலிலேயே நடந்த காரியம் இது என்று உங்கள் பங்குக் குருவிடம் சொல்லிப் பாருங்கள். முடிவு அவர் கையில்தான்.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் ஜான் கோல்ட்ரேனைக் கும்பிடுகிற சபை இருப்பது நிஜமா?

பதில்: அவர் பெயரில் சபை இருப்பது நிஜம். ஃபிரான்சோ கிங், மரினா கிங் தம்பதி 1965-இல் கோல்ட்ரேன் வாசிப்பதை நேரில் கேட்டு, அதைத் தங்கள் ஞானஸ்நானமாகவே எடுத்துக்கொண்டவர்கள். தொடக்க காலத்தில் கோல்ட்ரேனைத் தெய்வமாகவே கருதினார்கள். 1982-இல் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தபோது அவர் புனிதர் என்ற இடத்துக்கு வந்தார்.

அவர்கள் ஆராதனைக்கு ஆதாரம் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' என்ற நான்கு பகுதிப் படைப்பு. அதன் கடைசிப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். இசைத்தட்டின் உறையில் அவர் எழுதிய ஜெபக் கவிதை அச்சிடப்பட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், சாக்ஸபோன் அதை அசை அசையாக வாசித்துக்கொண்டு போவது தெரியும். வாய் திறக்காமல் சொன்ன ஜெபம். அந்தச் சபையின் இறையியலோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த ஏழு நிமிடத்துக்குள் நான் தலை குனியாமல் இருந்ததும் கிடையாது.

கேள்வி: தனி வாசிப்பு முடிந்ததும் கைதட்டலாமா?

பதில்: அந்தந்த சபை வழக்கப்படி செய்யுங்கள். ஜெபத்தை ஒட்டி வரும் வாசிப்புக்கு மட்டும் வேண்டாம் என்பேன்.

கேள்வி: நாங்கள் டல்லாஸ் பக்கம் ஒரு தமிழ் சபை. ஒரு மாலை ஜாஸ் ஆராதனை வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? நம் கீர்த்தனைகளையும் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் ஊரிலேயே முன்னோடி இருக்கிறார். எட் சம்மர்லின், மெதடிஸ்ட் ஆராதனை முறைக்கு ஜாஸ் எழுதி 1959-இல் டல்லாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் நடத்தினார். கைக்குழந்தையாக இறந்த தன் மகளுக்காக எழுதத் தொடங்கியது அது.

மூவர் குழு போதும். கல் சுவர், உயரமான கூரை என்றால் ஒலி வினாடிக் கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும், வேகமான பாட்டு குழம்பிப்போகும். டிரம்ஸ்காரரிடம் குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள். பேஸ் ஆம்ப்ளிஃபையரைத் தரையில் வைக்காமல் நாற்காலிமேல் ஏற்றுங்கள். ஆராதனை முறையை ஒரு தாளில் அச்சடித்து, எங்கே மௌனம் வேண்டும் என்பதைக் குறித்து முந்தின நாளே கலைஞர்களுக்குக் கொடுங்கள். போதகர் ஜெபிக்கும்போது பின்னால் இசை ஓடவேண்டும் என்று கேட்காதீர்கள், ஜெபமும் கெடும் இசையும் கெடும்.

கீர்த்தனை விஷயத்தில் கவனம் தேவை. கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழுப்பது, நிறைந்த ராகத்தின் அடியில் ஜாஸ் கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டங்களை) அடுக்கினால் ராகம் செத்துவிடும். சங்கராபரணம், மோகனம் மாதிரியானவை தாங்கும். தோடியை விட்டுவிடுங்கள். முதல் தடவைக்கு ஒரே ஒரு கீர்த்தனை. சபையே பாடட்டும், கடைசிச் சரணத்துக்கு முன்னால் சாக்ஸபோன் ஒரு சுற்று வாசிக்கட்டும்.

ஆராதனையின் பகுதியாகக் கோயிலுக்குள் வாசிப்பதற்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. யூடியூபில் நேரலை போட்டால் அந்த விலக்கு பொருந்தாது, அதற்குத் தனி உரிமம் வாங்கவேண்டும். அப்புறம், கலைஞர்களுக்குப் பணம் கொடுங்கள். ஊழியம்தானே என்று சொல்லிச் சும்மா வாசிக்க வைக்காதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. ஆராதனை முடிந்தவுடன், அவர்கள் வாத்தியத்தைப் பெட்டியில் வைப்பதற்குள் பணம் வைத்த உறை கைக்குப் போய்விடவேண்டும்.