மெட்டி கறுத்ததா?

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போனபோது இண்டியானாவில் வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுநீர் ஹோட்டலைப் பார்த்தோம். எவ்வளவு பெரிய குவிமாடம்! நூறு வருடத்துக்கு மேலாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வருகிறார்கள். மும்பைக்குப் பக்கத்தில் வஜ்ரேஸ்வரியில் வெந்நீர் ஊற்று இருந்தும் நாம் ஏன் அப்படி ஒன்று கட்டவில்லை? மூட்டுவலிக்காரர்கள் பிழைத்துப் போவார்களே! (செம்பூர் வாசகர்)

பதில்: குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தீர்கள், சரி. ஊற்று எங்கே என்று யாரையாவது கேட்டீர்களா? அந்த ஹோட்டலின் ஊற்றுகளைச் சிமென்ட் போட்டு மூடிப் பல காலம் ஆகிறது.

காப்பாற்றிய கதையையும் கேளுங்கள். பழைய ஹோட்டல் 1901-ல் தீக்கு இரையானது. லீ சின்க்ளேர் என்ற முதலாளி அடுத்த வருடமே நீங்கள் பார்த்த கட்டடத்தை எழுப்பித் திறந்துவிட்டார். குவிமாடம் மட்டும் 200 அடி அகலம். 1929-ல் பங்குச் சந்தை கவிழ்ந்ததும் பணக்கார விருந்தாளிகள் பெட்டியைக் கட்டினார்கள். 1932-ல் ஹோட்டலுக்குப் பூட்டு. 1934-ல் அதை இயேசு சபைப் பாதிரியார்களுக்குக் கொடுத்தார்கள். விலை ஒரே ஒரு டாலர்! நம் தாதர் மார்க்கெட்டில் அன்றைக்கு அந்தக் காசுக்கு என்ன கிடைத்திருக்குமோ! ஊற்றை மூடியது அந்தப் பாதிரியார்கள்தான். குருமாணவர்கள் படிக்கிற இடத்தில் குளிக்க வரும் கூட்டத்துக்கு என்ன வேலை? அப்புறம் ஒரு கல்லூரி வந்தது, போனது. ஆளில்லாமல் கிடந்த கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒரு பகுதி 1991-ல் சரிந்து விழுந்தது. மருத்துவக் கருவி செய்யும் குக் குழுமம் 1996-ல் கையில் எடுத்துக் கோடிகளைக் கொட்டிச் சீர்செய்து, 2007-ல்தான் மறுபடி ஹோட்டலாகத் திறந்தது. ஆக, 75 வருடம் அது ஹோட்டலே இல்லை. இன்று அந்த வட்டாரத்துக்கு ஆளை இழுப்பதில் பக்கத்திலேயே இருக்கும் சூதாட்ட விடுதிக்குப் பெரிய பங்கு உண்டு. மகன் அந்தப் பக்கம் கூட்டிப் போகவில்லை போலிருக்கிறது.

தண்ணீரின் மகிமைக்கு வருவோம். ஒரு மைல் தள்ளி பிரெஞ்ச் லிக் என்ற ஊர். அங்கத்திய ஊற்றுநீரை ‘புளூட்டோ வாட்டர்’ என்று பாட்டிலில் அடைத்து, சிவப்புச் சாத்தான் படம் ஒட்டி நாடு முழுக்க விற்றார்கள். அதில் கரைந்திருந்த முக்கிய சரக்கு சோடியம் சல்பேட், மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் சல்பேட்டை நாம் பேதி உப்பு என்போம். நம் பாட்டிகள் விடிகாலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினார்களே, அதே வைத்தியம்தான். அவர்கள் அதற்காக ஹோட்டல் வாசல் வரை ரயிலில் போய் இறங்கினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வஜ்ரேஸ்வரியில் ஒன்றுமே கட்டவில்லை என்கிறீர்கள். வசாய் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தால் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டாராம் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா. 1739-ல் பிடித்தார், கட்டினார். கோட்டை மாதிரியே நிற்கும் அந்தக் கோயிலின் படியேறியிருக்கிறீர்களா? வெந்நீர்க் குண்டங்கள் பக்கத்து அக்லோலியில் தான்சா ஆற்றங்கரையிலும், கணேஷ்புரியிலும் இருக்கின்றன. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. எரிமலை எதுவும் கிடையாது. அசுரர்களின் ரத்தம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும்.

சில வருடம் முன்பு நானும் வீட்டம்மாவும் போயிருந்தோம். முதல் நாள் குண்டத்தில் இறங்கினோம். அவித்த முட்டை நாற்றம். கால் வைத்ததும் சுரீரென்றது. சாயங்காலம் பார்த்தால் அவள் வெள்ளி மெட்டி இரண்டும் கருஞ்சாம்பல் நிறம். கந்தகத் தண்ணீர் பட்டால் வெள்ளி கறுக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, கூட்டம் வேண்டாம் என்று அந்தப் பக்கத்து விடுதி ஒன்றில் ‘தனி அறை, இயற்கைக் கந்தகக் குளியல்’ என்ற பலகையை நம்பிக் காசு கட்டினோம். இரண்டு நாள், நாலு குளியல். மெட்டி கடையில் வாங்கியது போலவே மின்னியது. மாடியேறிப் பார்த்தேன்: கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் கீசர். மேனேஜரிடம் கேட்டால், “தண்ணி சுடுதா இல்லியா, சாப்?” என்று திருப்பிக் கேட்டார். சுட்டது, மறுக்கவில்லை.

உங்கள் குவிமாட ஹோட்டல் வந்தால் இதே கீசர் பெரிய அளவில் வரும், குண்டத்தைச் சுற்றி வேலி வரும். இப்போது வசாயிலிருந்து எஸ்டி என்கிற அரசு பஸ்ஸில் துண்டோடு வந்து இறங்குகிறவர் நயா பைசா கொடுக்காமல் முங்கி எழுகிறார். அவருக்குத் தேவை பெண்கள் உடை மாற்ற நாலு சுவர், வழுக்காத படி, கரையில் சோப்பு உறை பொறுக்க ஒரு ஆள். அதற்கு ஒரு மனு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.

மூட்டுவலி? சூட்டு ஒத்தடம் கொஞ்சம் இதம் தரும், அதற்கு மேல் டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் முதலிலேயே அவரைக் கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், கால் வைக்க இடமிருக்காது. மெட்டியைக் கழற்றி வைக்க மறந்தால் பரவாயில்லை. விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும்.